கொசு இல்லாத ஊரில் ஒரு வலை

மலேரியா ஒழிந்தது, ஊரின் கடைசிக் கொசுவும் செத்தது என்று நகராட்சி வெடி போட்ட அன்றே ஜெனோவா கொசுவலையைக் கழற்றிவிட்டாள். "அப்பாடா, இனி மாடியில காத்தாடப் படுக்கலாம்" என்று பாயைத் தூக்கிக்கொண்டு போனார் கணவர் சகாயம். போனவர் போனவர்தான். ஓராள் படுக்கும் வலைக்குள் இருவரும் இடித்துக்கொண்டு படுத்த காலத்தில், தூக்கம் வரும்வரை வாய் ஓயாமல் பேசுவார். இப்போது சாப்பிடக் கூப்பிட்டால் ஒரு 'ம்' மட்டும்தான்.

பல வருஷம் பொறுத்தவள், இன்று பொழுது சாய்ந்ததும் பழைய ஆணிகளில் வலையைக் கட்டினாள்.

பாயோடு படியேறப் போனவர் நின்றார்.

"கொசுதான் இல்லையே, ஜெனோ. எதுக்கு வலை?"

வலையின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தபடி அவள் சொன்னாள்:

"சீக்கிரம் உள்ள வாங்க. கொசு பூந்துரும்."