முழங்கால் மார்க்

“என்னடி இது, வேளாங்கண்ணிக்கு நேர்ந்துக்கிட்ட மாதிரி டாக்டரம்மா முட்டி போடுறாங்க!”

சகாயம்மாள் தங்கை ஜெனிட்டாவின் காதைக் கடித்தாள்.

கோட்டுச்சேரியில் அன்று சிறந்த மாட்டுக்கொட்டகைப் போட்டி. நடுவர், கால்நடை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை டாக்டர் அல்லி.

“மாடு எவ்வளவு நேரம் படுத்திருக்குன்னு ஆராய்ச்சி பண்ணித்தான் பெரிய பட்டம் வாங்கினாங்களாம்க்கா.”

“நான்கூடத்தான் உங்க அத்தான் படுத்திருக்கிறதை வருஷக்கணக்கா பார்க்குறேன். எனக்கு எவ பட்டம் குடுத்தா?”

சகாயம்மாளின் கொட்டகையில் தொப்பென்று முட்டி போட்ட டாக்டர், “ஸ்ஸ்...” என்று முகம் சுளித்தபடி எழுந்தார். புடவையில் ஒரு பொட்டு அழுக்கில்லை.

“புதுசா சிமென்ட் தளம் போட்டிருக்கோங்க. கீழே சோத்தைப் போட்டுச் சாப்பிடலாம்!”

“தாராளமா சாப்பிடலாம்மா” என்று சிரித்துவிட்டு, பக்கத்து வீட்டுக் கல்யாணசுந்தரியின் கீத்துக் கொட்டகைக்குப் போனார். அங்கேயும் முட்டி போட்டார். எழுந்தபோது புடவையெல்லாம் மணல்.

“அவ தோத்தா!” சகாயம்மாளுக்கு நிம்மதி. பரிசு வாங்குவதைப் பார்க்கத்தானே போலகம் கிராமத்திலிருந்து தங்கையை வரவழைத்திருந்தாள்!

சாயங்காலம் மேடையில் முதல் பரிசு, எவர்சில்வர் பால்குடம், கல்யாணசுந்தரிக்குப் போனது.

சகாயம்மாள் விடுவிடுவென்று மேடைக்கே போய்விட்டாள். “இது அநியாயங்க! என் கொட்டகையில என்ன குறை?”

“நீங்களே அந்தத் தரையில ஒரு தடவை முட்டி போட்டுப் பாருங்கம்மா. மாடு படுக்கும்போது முதல்ல முன்னங்கால் முட்டியைத்தான் கீழே ஊனும். எனக்கு வலிச்சா அதுக்கும் வலிக்கும். வலிக்குப் பயந்து நின்னுக்கிட்டே கிடக்கும். சுந்தரியம்மா கொட்டகை மெத்தையாட்டம் இருக்கு.”

“ஆமா, மணலைக் கொட்டுறது பெரிய வித்தை பாருங்க!”

கல்யாணசுந்தரி தயங்கித் தயங்கி மைக்கைப் பிடித்தாள்.

“வித்தையெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. இது சகாயக்கா வீட்டுல தளம் போட்டு மிஞ்சின மணலு. எடுத்துக்கவான்னு கேட்டேன். ‘உன் மாடு சொகமா படுக்கட்டும், அள்ளிக்க சுந்தரி’ன்னு மனசாரக் குடுத்தாங்க. இந்தப் பரிசுல பாதி அக்காவுக்குத்தான்.”

கூட்டம் கைதட்டியது. டாக்டர் அல்லி சகாயம்மாளின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கீழே இறங்கியதும் ஜெனிட்டா ஆச்சரியமாகக் கேட்டாள்: “அக்கா, நெசமாவே அப்படியா சொன்னே?”

சகாயம்மாளுக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மணல் கேட்டவளிடம் அன்றைக்கு அவள் சொன்னது: “வாசல்ல கெடந்து மானத்தை வாங்குது. பொழுது சாயறதுக்குள்ள அள்ளித் தொலை!”