பூமாரியின் கணிப்பு

இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனியின் பெண்கள் விடுதி, மாடி அறை. முற்பகல் வெயில் இரும்புக் கட்டில்களின் மேல் விழுகிறது. சுவரில் ஒட்டிய சார்ட் பேப்பரில் உலகக் கோப்பைக் கால்பந்து ஆட்டங்களும் அவற்றுக்கு அறைப் பெண்கள் சொன்ன கணிப்புகளும் இருக்கின்றன. இந்தக் கணிப்பு விளையாட்டை நடத்துபவள் மாரிசெல்வி. அதிகம் சரியாகச் சொல்பவளுக்கு ஜன்னலோரக் கட்டில், அவ்வளவுதான் பரிசு. இப்போது முன்னணியில் இருக்கும் பூமாரி குனிந்து பைக்குள் துணிகளைத் திணிக்கிறாள். காலை ஷிஃப்டுக்குப் போனவளைக் கம்பெனி கேட்டிலேயே நிறுத்தி, கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

“கோப்பை யாருக்குன்னு என் பேருக்கு நேரா எழுதுக்கா. மொராக்கோ,” என்கிறாள் நிமிராமல். மாரிசெல்வி ஸ்கெட்ச் பேனாவால் எழுதுகிறாள். எழுதிய எழுத்தின் மேலேயே மறுபடி மறுபடி எழுதித் தடிமனாக்குகிறாள். “சீக்கிரம் வாம்மா, ஆட்டோ நின்னுகினு கீது. சாயங்காலம் இந்தக் கட்டிலுக்கு வேற பொண்ணு வருது,” என்கிறார் வாசலில் நிற்கும் வார்டன் கலைமதி. சொல்லிவிட்டு, பூமாரியின் முகத்தைப் பார்க்காமல் நகர்ந்துவிடுகிறார். பையின் ஜிப் பாதியில் சிக்கிக்கொள்கிறது. இருவரும் சேர்ந்து இழுக்கிறார்கள். நகரவில்லை.

“நீ ஜெயிச்சா ஜன்னல் கட்டில் உனக்குத்தான் புள்ள,” என்கிறாள் மாரிசெல்வி. அவள் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

“அது கெடக்கட்டும். ஏன் வந்துட்டேன்னு அம்மா கேட்டா என்னத்தக்கா சொல்லட்டும்?”

மாரிசெல்வி ஜிப்பை இன்னொரு முறை இழுத்துப் பார்க்கிறாள். கீழே ஆட்டோ ஹாரன் அடிக்கிறது. பூமாரி, மூடாத பையை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்குகிறாள்.