போதகரின் குரல்

போதகர் ஞானசிகாமணி இறந்து மூன்று வருடங்களாகியும், ஞாயிறுதோறும் சபையில் அவர் குரலில் ஓர் இயந்திரம் தானே புதிதாக இயற்றிப் பிரசங்கித்தது. அதைக் கேட்கவே அவர் மனைவி ஜெபக்கனி முன்வரிசையில் உட்காருவாள்.

அன்று அந்தக் குரல், "விசுவாசிக்கு மருந்து எதற்கு? இன்றே எறிந்துவிடுங்கள்" என்றது. சபையார் "ஆமென்" என்றார்கள். பக்கத்திலிருந்த சலோமி, வலிப்பு வரும் தன் மகளின் மாத்திரைகளைப் பையிலிருந்து எடுத்து, எறிய எழுந்தாள்.

ஜெபக்கனி அவள் கையை இறுகப் பிடித்தாள். "எறிஞ்சிராதம்மா! அவுக இன்சுலின் போட்டுட்டுத்தான் பிரசங்கத்துக்கே வருவாக."

"குரல் பாஸ்டரோடதுதானே?"

"குரல் அவுகளோடதுதான். உபதேசம் கள்ள உபதேசம்."

ஜெபக்கனி மேடையேறி இயந்திரத்தை நிறுத்தினாள். அதன் நினைவகத்தையும் அழிக்கப் போனபோது சபை மூப்பர் பதறினார். "அழிச்சா அவர் குரலை இனி கேக்கவே முடியாதும்மா!"

"தெரியும்" என்று சொல்லி, அவளே பொத்தானை அழுத்தினாள்.