வேலிக்கு இந்தப் பக்கம்

“உந்தப் பக்கத்து வீட்டுக் கீர்த்திகன் ஆள் எப்பிடி? ஒரு கலியாண விசயமாய் விசாரிக்கத்தான் வந்தனான்.”

கதிரையில் உட்கார்ந்ததும் உட்காராததுமாக வந்தவர் கேட்டுவிட்டார். பெயர் மிரியம் என்றார். பெண்ணுக்கு வேண்டியவராம். எந்த ஊர் என்றதற்கு மட்டும், “கொஞ்சம் தூரம்” என்று மழுப்பிவிட்டார்.

சிவகௌரி மேற்கொண்டு கேட்கவில்லை. உரும்பிராயில் அப்படிக் கேட்பது முறையுமில்லை. சம்பந்தம் சரிவரும்வரை பெண்ணின் பெயரோ ஊரோ வெளியில் அடிபடக் கூடாது. மாப்பிள்ளையைப் பற்றி அயலில் நாலு வார்த்தை கேட்டுக்கொண்டு போய்விடுவார்கள். அந்த நாலு வார்த்தையில்தான் ஒரு பெண்ணின் தலையெழுத்தே இருக்கிறது.

“இருங்கோ, தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வாறன்” என்று எழுந்து குசினிக்குள் புகுந்தாள்.

கீர்த்திகன் எப்படிப்பட்டவன் என்று அயலில் கண்ணால் கண்டவள் அவள் மட்டும்தான். சித்திரை மாதம் ஒரு விடியற்காலை, கிணற்றடிக்குப் போனவள் வேலிக்கு மேலால் பார்த்தாள். பெற்ற தாயை நிலத்தில் தள்ளிவிட்டுக் காலால் உதைத்துக்கொண்டிருந்தான். குடித்திருந்தாலாவது வெறியில் செய்கிறான் என்று சொல்லலாம். அவன் தெளிவாகத்தான் நின்றான். பிறகு தாய் குணலட்சுமி வந்து இவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “ஒரு கலியாணத்தைக் கட்டினால் திருந்திடுவான். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்.”

சிவகௌரி சொல்லவில்லை. கணவனைத் தவிர வேறு யாரிடமும் மூச்சு விடவில்லை. கரவெட்டியில் கந்தோர் வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருக்கும் மகள் வித்தியாவிடம்கூடச் சொல்லவில்லை.

குசினிக்குள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கணவர் சண்முகநாதனுக்கு முன்கூடத்தில் பேசியது எல்லாம் கேட்டிருந்தது.

“உள்ளதைச் சொல்லு” என்றார் மெதுவாக.

அதெப்படிச் சொல்வது என்று அவள் குரலைத் தாழ்த்திச் சீறினாள். குணலட்சுமிக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. தான் ஆசுப்பத்திரியில் கிடந்தபோது மூன்று நேரமும் சோறு கொண்டுவந்து தந்தவள் அவள். அவள் வீட்டுக் கலியாணத்தைக் குழப்பிவிட்டு நாளைக்கு எந்த முகத்தோடு வேலிக்கரையில் நிற்பது?

“ஒரு தாயின்ரை இடத்திலை நிண்டு பாருங்கோ. சரி, பிழை எல்லாம் நாங்கள் நிக்கிற இடத்தைப் பொறுத்ததுதான்.”

“இடம் மாறினால் அடி நோகாதோ?”

தேநீரைத் தேவைக்கு மேல் ஆற்றினாள். ஒரு வார்த்தையில் குணலட்சுமி பிழைப்பாள். இன்னொரு வார்த்தையில் முகம் தெரியாத ஒரு பெண் பிழைப்பாள். முகம் தெரிந்தவள் பக்கம் மனம் சாய்ந்தது.

தேநீரை நீட்டும்போதே சொல்லிவிட்டாள். “தங்கமான பிள்ளை. தாயைக் கண்ணுக்குள்ளை வைச்சுப் பாக்கிறவன்.”

“கோவக்காரன் எண்டு ஒரு கதை அடிபடுது. அதுதான்...”

“அவன் ஒருத்தருக்கும் கை ஓங்கினதை நான் காணேல்லை.”

சொல்லி முடித்ததும், எந்தத் தாய் பெற்ற பிள்ளையோ, கடவுளே அவளைப் பார்த்துக்கொள் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டாள். பாரத்தைக் கடவுள் தலையில் போட்டதும் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

மிரியத்தின் முகம் மலர்ந்துவிட்டது. வேறு வீட்டுக்குப் போகவேண்டிய தேவையில்லை, பெண் இந்த வீட்டில்தான் கேட்கச் சொன்னவள் என்றார். பெண்ணும் பொடியனும் பதிவாளர் கந்தோரில் கலியாணப் பதிவு எழுத்துக்குத் தயாராகக் காத்திருக்கிறார்களாம். அங்கேயே கைபேசியை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

“பிள்ளை, கேட்டிட்டன். தங்கமான பொடியனாம். கை ஓங்கினதை ஒரு நாளும் காணேல்லையாம்.”

“அப்ப கையெழுத்து வைக்கிறன் அக்கா” என்றது மறுமுனையில் ஒரு குரல். “எனக்கெண்டு தெரிஞ்சால் அம்மா இல்லாத குற்றமெல்லாம் சொல்லி மறிப்பா. ஆரோ ஒரு பிள்ளைக்கு எண்டால் உள்ளதைத்தான் சொல்லுவா.”

சிவகௌரி பாய்ந்து கைபேசியைப் பறித்து, “வித்தியா, கையெழுத்து வையாதை பிள்ளை!” என்று கத்தியபோது மறுமுனையில் யாரும் இல்லை.