வண்டியில போட்டாச்சு

"இந்த ரோலர் ராக்கர் ஆர்மை வண்டியில போடுறியா, வேற ஆளைப் பார்க்கட்டுமா?" லாரிக்காரர் அட்டைப்பெட்டியைப் பட்டறை மேசையில் 'டொக்'கென்று வைத்தார்.

மெக்கானிக் அவர் மனைவியின் தம்பி. "மாமா, வால்வை அமுக்குற இந்தப் பாகம் வேகமாச் சுத்துற எஞ்சினுக்கு. நம்ம டீசல் லாரிக்கு வெட்டிச் செலவு. வால்வு இடைவெளியைச் சரி பண்ணினாலே மேடு ஏறும்னு ரெண்டு வருஷமா கத்துறேன்."

"நாளைக்கும் மேட்டுல வண்டி நின்னா லோடு கைவிட்டுப் போயிடும். உங்க அக்காவுக்கு நீ பதில் சொல்வியா?"

மெக்கானிக் பெட்டியை எடுத்துக்கொண்டு லாரியை நோக்கி நடந்தான்.

மறுநாள் காலை லாரிக்காரர் கேட்ட ஒரே கேள்வி: "வண்டியில போட்டுட்டியா?"

"போட்டாச்சு."

முழு லோடு. மேடு நெருங்கியதும் லாரிக்காரர் கியரைக் குறைத்தார். வழக்கமாக மூச்சு முட்டி நிற்கும் வளைவில் வண்டி நிற்கவே இல்லை.

மாலையில் பட்டறை வாசலில் குதித்து இறங்கினார். "பார்த்தியாடா! ரோலர் போட்டதும் குதிரையாட்டம் ஏறுது. இப்ப என்ன சொல்ற?"

மெக்கானிக் டிரைவர் சீட்டைத் தூக்கி, அடியிலிருந்து அட்டைப்பெட்டியை எடுத்து நீட்டினான். ஒட்டிய டேப் அப்படியே இருந்தது.

"நீங்க சொன்ன மாதிரி வண்டியிலதான் போட்டேன், மாமா. எஞ்சின்ல வால்வு இடைவெளியை மட்டும் சரி பண்ணினேன்."