தட்டு மாறிய பிறகு

தடுப்பூசி போட்டுக்கொண்ட மறுவாரம் தணிகைவேலின் கைகளில் தொடங்கிய நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. ஊசியால்தான் என்றும் டாக்டர்கள் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மகள் கார்குழலியின் நிச்சயதார்த்தத்தன்று மனைவி எச்சரித்திருந்தாள். "யார் கேட்டாலும் வாயத் திறக்காதீங்க. நரம்புச் சீக்குக் குடும்பம்னு பொண்ண வேணாம்னுடுவாங்க." அதனால் வந்தவர்களைக் கைகூப்பாமல், அங்கவஸ்திரத்துக்குள் கைகளைச் சுருட்டிக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டி வரவேற்றார். ஆனால் தாம்பூலத் தட்டைப் பெண்ணின் அப்பாதானே நீட்ட வேண்டும்? நீட்டினார். கொட்டைப்பாக்குகள் கடகடவென்று ஆடின. ஓர் ஆப்பிள் உருண்டு ஜமுக்காளத்தில் ஓடியது. மண்டபமே பார்த்தது. மாப்பிள்ளையின் அப்பா தட்டின் மறுபக்கத்தைப் பிடித்தபடி குனிந்து, "என்ன சம்பந்தி, ராத்திரி கொஞ்சம் ஓவரோ?" என்றார். தணிகைவேல் வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. கார்குழலி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கம் திரும்பாமல், "ஆமாங்க, கொஞ்சம் அதிகமாயிடுச்சு" என்றார். சுற்றிலும் சிரிப்பு எழுந்தது. அவருக்குக் காது வரை சுட்டது. மாப்பிள்ளையின் அப்பா முகம் மலர்ந்து தட்டை வாங்கிக்கொண்டு, அவர் தோளில் தட்டினார். "அட, ரொம்ப ஆசாரமான குடும்பமோன்னு பயந்தே போயிட்டேன். எங்க வீட்ல அப்பன், மவன் எல்லாருமே உங்க கட்சிதான் சம்பந்தி!" தணிகைவேல் நிமிர்ந்து மாப்பிள்ளையின் கைகளைத் தேடினார். அவன் அவற்றைப் பட்டுத் துண்டுக்குள் சுருட்டி வைத்திருந்தான்.