என் கூட்டில் வளர்ந்த அணி

மறுநாள் காக்கை அணிக்கும் குயில் அணிக்கும் கால்பந்துப் போட்டி. பேட்டி எடுக்க வந்த அணிலிடம், காக்கைகளின் கோல்கீப்பர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பேசியது.

"குயில் அணின்னா எனக்குத் தனிப் பாசம். எல்லாம் என் கூட்டுல வளர்ந்த பிள்ளைங்க. பாவம், எனக்கு எதிரா ஆடவே கூச்சப்படுவாங்க. ஆனா களத்துல நான் சொந்தபந்தம் பார்க்க மாட்டேன். ஒரு பந்தைக்கூட உள்ளே விட மாட்டேன்."

அணில் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு, எதிர்மரத்துக் குயில் தலைவனிடம் போனது. "நாளைக்கு உங்களுக்குக் கஷ்டம்தானே?"

"வளர்த்த அம்மா மேல எங்களுக்கும் பாசம்தான்," என்றது குயில். "பெத்த அம்மா எங்க அத்தனை பேரையும் முட்டையா இந்த வளர்ப்பு அம்மா கூட்டுக்குள்ளதான் வச்சாங்க. ஒண்ணையாவது தடுத்தாங்களா? மேல உட்கார்ந்து அடைகாத்தாங்க. நாளைக்குப் பந்தையும் அடைதான் காப்பாங்க."